இரைப்பை சுருங்கிய பின்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு உணவும் மனமும்

மிகை உடல் பருமனுக்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை, ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணக்கூடிய அளவை ஓரிரு மணி நேரத்தில் நிலையாக மாற்றிவிடுகிறது. ஆனால் சலிப்பைப் போக்குவது, கோபத்தைத் தணிப்பது, உறவினரோடு உட்கார்ந்து பேசக் காரணமாக இருப்பது, நீண்ட நாளை வேளைகளாகப் பகுத்துத் தருவது என்று உணவு அதுவரை அவருடைய வாழ்வில் ஆற்றிவந்த பணிகள் எதையும் அந்த அறுவை தொடுவதில்லை. உடல் ஒரே நாளில் புதிய ஒழுங்குக்குள் தள்ளப்படுகிறது. மனமோ பல ஆண்டுப் பழக்கத்தை விட்டு வர மாதங்களையும் ஆண்டுகளையும் எடுத்துக்கொள்கிறது. அறுவைக்குப் பிந்தைய உணர்ச்சிச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரு வேகங்களுக்கு இடையிலான இடைவெளியில்தான் பிறக்கிறது. அவற்றை மன உறுதிக் குறைவு என்று பெயரிட்டு ஒதுக்குவது மருத்துவ நோக்கிலும் பிழையானது, நோயாளிக்கும் தீங்கானது.

அறுவை எதை மாற்றுகிறது

இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் பின்னர் எளிதில் எடை கூடுவதில்லை என்பதைக் கவனித்த எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர், சிக்காஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து, 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உடல் பருமனுக்கான இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். உணவுக்குழாயை ஒட்டி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது இம்முறையின் இன்றைய வடிவம். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையிலோ, இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேற்பட்ட பகுதி வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாகத் தைக்கப்படுகிறது. ஒரு லிட்டருக்கும் மேல் விரியக்கூடிய உறுப்பு இவ்வாறு 100 முதல் 150 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருங்குகிறது.

இடம் குறைந்ததால் மட்டுமே எடை குறைகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்த பிறகு இந்தப் பார்வை மாறியது. பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, உணவு வேளைக்கு முன் இரத்தத்தில் உயர்ந்து, மூளைக்குப் பசியைத் தெரிவிக்கும் பொருளே கிரெலின். அது மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியே ஸ்லீவ் அறுவையில் நீக்கப்படுகிறது. மறுபுறம், உணவு விரைவாகச் சிறுகுடலை எட்டுவதால், நிறைவை உணர்த்தும் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். ஆகிய குடல் ஹார்மோன்கள் உணவுக்குப் பின் முன்னெப்போதையும்விட அதிகமாகச் சுரக்கின்றன.

இந்த ஹார்மோன் மாற்றம் எவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு பழைய ஆய்வோடு ஒப்பிட்டால் உணரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவுக்காலத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 தன்னார்வ இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உணவைப் பற்றியே பேசினர், சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர், எரிச்சலுக்கும் சோர்வுக்கும் ஆளாயினர். எடைக்குறைப்பு அறுவைக்கு உள்ளானவர் முதல் மாதங்களில் அந்த இளைஞர்களைவிடக் குறைந்த கலோரியையே பெறுகிறார். ஆயினும் அவர்களைப் போன்ற வதைக்கும் பசி பெரும்பாலோருக்கு வருவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் உயர்வதையும், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அது மிகத் தாழ்ந்திருப்பதையும் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பைபாஸைப் பொறுத்தவரை பிற்கால ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், ஸ்லீவ் அறுவைக்குப் பின் கிரெலின் குறைவது மீண்டும் மீண்டும் உறுதியாகியுள்ளது. அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டு பலருக்கும் வியக்கத்தக்க அமைதியோடு கழிவதற்கு இதுவே உடலியல் காரணம்.

ஒரு வேளை உணவு எப்படி மாறுகிறது

அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீர்மங்கள், அடுத்து மோர், பால், வடிகட்டிய சூப் போன்றவை, பிறகு மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாகத் திட உணவுக்குத் திரும்ப வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம், வாழ்நாள் முழுவதும் வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள், உணவோடு தண்ணீர் அருந்தாமல் அரை மணி இடைவெளி விடுதல், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுதல் ஆகியன பொது விதிகள். படிக்க எளியனவாகத் தோன்றும் இவ்விதிகளை நடைமுறையில் கடைப்பிடிக்கும்போது உண்ணுதலின் இயல்பே மாறிப்போகிறது.

எடுத்துக்காட்டாக, மூன்றாவது மாதத்தில் இருக்கும் ஒருவரின் காலை உணவை எண்ணிப் பார்க்கலாம். தட்டில் ஓர் இட்லியும் கெட்டியான பருப்பும் இருக்கின்றன. புரதம் முதலில் போக வேண்டும் என்பதால் பருப்பை முடித்த பிறகே இட்லியைத் தொட வேண்டும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் கையைக் கீழே வைத்து, உள்ளே சென்றது இறங்கியதா என்று காத்திருக்க வேண்டும். நிறைவின் அறிகுறி அவர் இதுவரை அறிந்த வயிற்று நிறைவாக வருவதில்லை. மார்பெலும்பின் பின்னால் ஓர் அழுத்தமாகவோ, ஒரு விக்கலாகவோ, திடீரென்று மூக்கில் நீர் ஒழுகுவதாகவோ வருகிறது. அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு வாய் உண்டால், வாயில் நுரைத்த உமிழ்நீர் ஊறி, வலித்து, உண்டது வெளியே வந்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் பாதி இட்லி மீந்திருக்க, வேளை முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் பேச்சின் ஊடே கவனமின்றிச் செய்யும் ஒரு செயலை இவர் ஒவ்வொரு நொடியும் கண்காணித்துச் செய்ய வேண்டியிருப்பதால், உணவு வேளை இளைப்பாறும் நேரமாக இல்லாமல் ஒரு வேலையாகிவிடுகிறது.

சோறு, சப்பாத்தி, ரொட்டி, நார் மிகுந்த இறைச்சி ஆகியன பலருக்கும் எளிதில் இறங்குவதில்லை. சோற்றை மையமாகக் கொண்டு குழம்பு, ரசம், மோர் என்று அடுக்கப்பட்ட தமிழ் உணவு முறையில் இதன் விளைவு ஓர் உணவுப்பொருள் குறைவதோடு நிற்பதில்லை. வேளையின் வடிவமே குலைகிறது. பருப்பு, முட்டை, தயிர், மீன் ஆகியவை தட்டின் நடுவுக்கு வர, சோறு ஓரத்துக்குப் போகிறது. சில மாதங்களுக்குத் தட்டைவிட்டே நீங்கிவிடுகிறது. சோறு உண்ணாவிட்டால் உண்டதாகவே தோன்றாத ஒருவருக்கு, இரைப்பை நிறைந்திருந்தும் உண்ட திருப்தி வராமல் போவதில் வியப்பில்லை.

பசியில்லாமல் எழும் ஆசை

உண்ணத் தூண்டும் உந்துதல்களை அறிவியல் இரு வகையாகப் பிரிக்கிறது. உடலின் ஆற்றல் குறையும்போது எழுவது உடற்பசி. ஆற்றல் போதிய அளவில் இருந்தும், சுவை, மணம், நினைவு, மனநிலை ஆகியவற்றால் எழுவது மனப்பசி. முன்னது மெல்ல வளர்ந்து எந்த உணவாலும் தணியும். பின்னது திடீரென்று தோன்றி, குறிப்பிட்ட ஓர் உணவையே கேட்கும். அறுவை முதல் வகையை வலுவாகத் தொடுகிறது; இரண்டாவதைச் சிலகாலம் மட்டுப்படுத்தினாலும் நீக்குவதில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெர்ரிட்ஜ் என்ற நரம்பியல் உளவியலாளரின் ஆய்வுகள், ஒன்றைச் சுவைத்து மகிழ்வதும் அதை நாடுவதும் மூளையில் வெவ்வேறு அமைப்புகளால் நடத்தப்படுவன என்று காட்டின. நாட்டத்தில் டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருளுக்குப் பெரும் பங்குண்டு. பழகிய ஓர் இடமோ, நேரமோ, மணமோ அந்த நாட்டத்தை எழுப்பப் போதுமானது. மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு பஜ்ஜி உண்டு பழகிய ஒருவருக்கு, பசி சிறிதும் இல்லாத நிலையிலும் அந்த மணியடிக்கும்போது நாட்டம் எழுகிறது. உண்டாலோ இரண்டாவது வாயிலேயே உடல் மறுக்கிறது. நாட்டம் முழுமையாகவும் நுகர்ச்சி துண்டாகவும் இருக்கும் இந்த நிலை, அறுவைக்கு உள்ளானவர்கள் எதிர்கொள்ளும் ஏமாற்றங்களில் முதன்மையானது.

உணவு உணர்ச்சிகளைத் தணிக்கும் கருவியாக எப்படி மாறுகிறது என்பதை உளநோய் மருத்துவர் ஹில்டே புரூக் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஆராய்ந்துவந்தார். குழந்தை அழும் காரணம் எதுவாயினும் உணவே விடையாகத் தரப்படும்போது, பசியையும் பிற உள்நிலைகளையும் பிரித்தறியும் திறன் சரியாக வளர்வதில்லை என்பது அவர் முன்வைத்த விளக்கம். உடல் பருமன் அனைத்தையும் இந்த ஒரே காரணத்தால் விளக்க முடியாது. மரபணு, உறக்கம், மருந்துகள், பொருளாதாரச் சூழல் என்று காரணங்கள் பல. ஆயினும் அறுவையை நாடுவோரிடையே மனநலச் சுமை பொது மக்களைவிட அதிகம் என்பது தெளிவு. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறுவைக்கு வருவோரில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும் 17 சதவீதத்தினருக்கு மிகையுண்ணல் கோளாறும் இருப்பதாக மதிப்பிட்டது. மிகையுண்ணல் கோளாறு என்பது, குறுகிய நேரத்தில் மிகுதியான உணவைக் கட்டுப்பாடிழந்து உண்டு, பின்னர் குற்றவுணர்வில் துன்புறும் நிலை. இவர்களுக்கு உணவு பல ஆண்டுகளாக ஒரு மருந்தின் இடத்தில் இருந்திருக்கிறது. அம்மருந்து ஒரே நாளில் நிறுத்தப்படுகிறது.

உணவை இழந்த துயர்

அறுவையைத் தாமாக விரும்பி ஏற்றவர்களும், அதனால் நீரிழிவும் மூட்டுவலியும் குறைந்து மகிழ்பவர்களும்கூட, முதல் மாதங்களில் காரணம் தெரியாத அழுகை, எரிச்சல், ஏன் செய்துகொண்டோம் என்ற மனக்கசப்பு ஆகியவற்றை உணர்வதுண்டு. இதை இழப்புத் துயராகவே புரிந்துகொள்வது பொருத்தம். இழக்கப்பட்டது தீங்கு தந்த ஒன்றாயினும், நெடுங்காலம் உடனிருந்த ஒன்று என்பதால் துயர் உண்மையானதே. மறுப்பு, கோபம், ஏக்கம், ஏற்பு ஆகியன ஒழுங்கான வரிசையில் வருவதில்லை. ஒரு திருமண வீட்டின் வாசனை போதும், கடந்துவிட்டதாக நினைத்த ஏக்கம் மீண்டும் தலைதூக்க.

இந்தத் துயருக்குச் சமூக முகமும் உண்டு. பந்தியில் இலையில் மிச்சம் வைப்பது பரிமாறுபவரை அவமதிப்பதாகவும், விருந்தினர் போதும் என்றாலும் இன்னும் கொஞ்சம் என்று வைப்பதே அன்பாகவும் கருதப்படும் வீடுகளில், இரண்டு கரண்டியோடு எழுந்துவிடுபவர் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார். அறுவை செய்துகொண்டதைச் சொன்னால், நடந்து குறைத்திருக்கலாமே என்ற அறிவுரை வருகிறது; சொல்லாவிட்டால், நோய் ஏதும் உண்டா என்ற ஐயம் எழுகிறது. குடும்பத்துக்குச் சமைக்கும் பொறுப்பில் இருக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தாம் உண்ண முடியாதவற்றை நாள்தோறும் வதக்கி, தாளித்து, உப்புப் பார்த்துப் பிறருக்குப் பரிமாறும் கட்டாயம் அவர்களுக்கு இருப்பதால், நாட்டத்தைத் தூண்டும் சூழலிலிருந்து விலகியிருங்கள் என்ற பொதுவான அறிவுரை அவர்களுக்குப் பயன்படுவதில்லை.

உடல் தோற்றமும் புதிய கேள்விகளை எழுப்புகிறது. மூன்றாம் மாதம் முதல் பலருக்கு முடி உதிர்கிறது. எடை விரைந்து குறைவதால் தோல் தொய்கிறது. உடை இரண்டு அளவு இறங்கிய பிறகும், கண்ணாடியில் பழைய உருவமே தெரிவதாக உணர்பவர்கள் உண்டு. தம்மைப் பற்றிய மனப்படம் உடலைவிட மெதுவாகவே மாறும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் ஓரளவு குறைகிறது.

மனக்குறியாகத் தோன்றும் உடற்குறிகள்

அறுவைக்குப் பிந்தைய எல்லா மனமாற்றங்களையும் உளவியலால் விளக்க முற்படுவதும் ஆபத்தானது. இனிப்பு மிகுந்த உணவு பைபாஸுக்குப் பின் விரைந்து சிறுகுடலில் கொட்டப்படும்போது, பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, முகச்சிவப்பு, தலைச்சுற்றல் ஆகியன வரலாம்; இதை மருத்துவர்கள் டம்பிங் என்பர். இதன் பிந்தைய வடிவம் கவனத்துக்குரியது. உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து இரத்தச் சர்க்கரை சரிய, வியர்வை, படபடப்பு, கைநடுக்கம், காரணமற்ற அச்சம் ஆகியன தோன்றுகின்றன. பதற்ற நோயின் தாக்குதலிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிதன்று. என்ன உண்டார், எத்தனை மணிக்கு உண்டார், எப்போது படபடத்தது என்று எழுதிவைத்த ஒரு தாளே பல வேளைகளில் விடையைத் தந்துவிடுகிறது.

வைட்டமின் பி12, இரும்பு ஆகியவற்றின் குறைபாடு சோர்வாகவும் மறதியாகவும் மனச்சோர்வாகவும் வெளிப்படலாம். தொடர் வாந்தியால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தால், குழப்பம், பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றுடன் மூளைக்கே கேடு விளையும். இது உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. மேலும், பைபாஸுக்குப் பின் சில மனச்சோர்வு மாத்திரைகள் முன்போல் உறிஞ்சப்படாமல் இரத்தத்தில் அவற்றின் அளவு குறைவதுண்டு என்பதால், முன்பே அம்மருந்துகளை உட்கொள்பவர்கள் உளநோய் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மனம் சரியில்லை என்று ஒருவர் சொல்லும்போது, ஆறுதலோடு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும் சிகிச்சை இது.

இரண்டாம் ஆண்டின் திருப்பம்

1987இல் சுவீடனில் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் தொடங்கப்பட்டு, அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. வாழ்க்கைத் தரம் குறித்த அதன் பத்தாண்டு முடிவுகள் ஒரு வளைகோட்டைக் காட்டின: முதல் ஆண்டில் மனநிலையும் சமூக வாழ்வும் வேகமாக மேம்பட்டு உச்சத்தை அடைகின்றன, அடுத்து ஆறாம் ஆண்டுவரை படிப்படியாகச் சற்றே இறங்குகின்றன, அதன்பின் நிலைபெறுகின்றன. பத்தாம் ஆண்டிலும் பொதுவான நிலை அறுவைக்கு முந்தையதைவிட மேலாகவே இருந்தாலும், முதல் ஆண்டின் உற்சாகம் அப்படியே நீடிக்கும் என்ற எதிர்பார்ப்பு தவறானது.

இந்த இறக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் எடை தன் தாழ்நிலையை எட்டி நிற்கிறது. பசி ஓரளவு திரும்புகிறது. ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு கூடுகிறது. சிறிதளவு எடை மீள்வது பெரும்பாலோருக்கு இயல்பு. அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்திய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஏழாம் ஆண்டிலும் தொடக்க எடையில் சராசரியாக 28 சதவீதம் குறைந்தே இருந்தனர். ஆயினும் கூடிய மூன்று கிலோவைக் கண்ட ஒருவருக்கு இந்தச் சராசரி ஆறுதல் தருவதில்லை. எல்லாம் வீணாயிற்று என்ற எண்ணமே முந்திக்கொள்கிறது. பாராட்டியவர்கள் பழகிப்போய் அடங்கிவிட, பழைய நாட்டங்கள் மட்டும் திரும்பி வரும் காலம் அது.

பழைய உண்ணும் கோளாறும் அப்போது புதிய வடிவில் தோன்றுகிறது. சுருங்கிய இரைப்பையில் மிகுதியான உணவு ஒரே நேரத்தில் கொள்ளாது என்பதால், அளவைக் கொண்டு மிகையுண்ணலை அறிய இயலாது; கட்டுப்பாட்டை இழந்த உணர்வைக் கொண்டே அறிய வேண்டும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியவற்றை மணிக்கணக்கில் சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டே இருப்பது அதன் பொதுவான தோற்றம். இவ்வகை உணவுகள் எளிதில் கரைந்து இறங்கிவிடுவதால் அறுவை இட்ட தடை அவற்றுக்குச் செல்லுபடியாவதில்லை. அறுவைக்குப் பின் கட்டுப்பாடிழந்து உண்பவர்களுக்கு எடை குறைவதும் குறைகிறது, மனத்துயரும் மிகுகிறது என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன.

மதுவைப் பொறுத்தவரை எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. மேற்சொன்ன அமெரிக்க ஆய்வின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, அறுவைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்த மதுப் பயன்பாட்டுக் கோளாறு, முதல் ஆண்டில் ஏறத்தாழ அதே அளவில் இருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. உணவின் இடத்தை மது பிடித்துக்கொள்கிறது என்று இதற்கு எளிதாக விளக்கம் தரப்படுவதுண்டு. ஆனால் அது முழு விளக்கமாகாது. பைபாஸுக்குப் பின் மது மிக விரைவாக இரத்தத்தில் கலந்து, அதே அளவு அருந்தினாலும் உயர்ந்த உச்சத்தை எட்டுகிறது என்ற உடலியல் மாற்றத்துக்கும் இதில் பங்குண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களை ஒத்த எடையுடைய பிறரோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்ததைக் காட்டிய அதே வேளையில், விபத்து, தற்கொலை போன்ற நோய்சாராக் காரணங்களால் நேரும் இறப்பு 58 சதவீதம் கூடியதையும் பதிவு செய்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தமக்குத் தாமே தீங்கிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகள் ஆயிரம் பேர் ஓராண்டு என்ற கணக்கில் அறுவைக்கு முன் 2.33ஆக இருந்து, பின் 3.63ஆக உயர்ந்திருந்தன, அவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவைக்கு முன்பே மனநலக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள். எண்ணிக்கை சிறியதே, அறுவையின் மொத்தப் பயனை அது மறுக்கவும் இல்லை. ஆனால் யாரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால், சிகிச்சை தரும் குழுவிடமோ, இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணிலோ தாமதமின்றிப் பேச வேண்டும்.

சமாளிக்கும் வழிகள்

உணர்ச்சிவழி உண்ணலைக் கையாள்வதில் சான்றுள்ள முறைகளில் முதன்மையானது அறிதல்நடத்தைச் சிகிச்சை. ஒரு சூழல் எழுப்பும் எண்ணத்தையும், அந்த எண்ணம் எழுப்பும் உணர்ச்சியையும், அவ்வுணர்ச்சி தூண்டும் செயலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, அச்சங்கிலியை இடையில் அறுக்கப் பயிற்றுவிப்பது அது. கனடாவின் டொராண்டோவில், அறுவைக்கு ஓராண்டுக்குப் பிறகு இச்சிகிச்சையைத் தொலைபேசி வழியாகத் தந்து சோதித்தனர். எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படாவிட்டாலும், உணர்ச்சிவழி உண்ணலும் மனத்துயரும் குறைந்தன. மனத்தின் நலத்தை எடைக்கு ஒரு வழியாக மட்டும் கருதாமல் அதனளவில் ஒரு பயனாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

நாள்தோறும் செய்யக்கூடியவற்றுள் முதலாவது, உண்டதையும் உண்பதற்கு முன் இருந்த மனநிலையையும் சேர்த்து எழுதுவது. இரண்டு வாரக் குறிப்பிலேயே, அலுவலகத்திலிருந்து திரும்பிய அரை மணி, பிள்ளைகள் உறங்கிய பின் வரும் தனிமை, குறிப்பிட்ட ஒருவரோடு பேசிய தொலைபேசி அழைப்பு என்று திரும்பத் திரும்ப வரும் தூண்டல்கள் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, நாட்டம் எழும்போது அதோடு போராடாமலும் அதற்குப் பணியாமலும் கால் மணி நேரம் கவனித்திருப்பது. போதைப் பழக்க மீட்பை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், நாட்டம் எழுந்து உச்சம் தொட்டுத் தானே தணியும் இயல்புடையது என்பதை அடிப்படையாகக் கொண்டு இம்முறையை வகுத்தார். ஒருமுறை தவறியவுடன், கெட்டது கெட்டுப்போயிற்று என்று முழுவதும் கைவிடும் போக்கே தவற்றைவிடப் பெருந்தீங்கு செய்கிறது என்பதும் அவருடைய ஆய்வுகள் வலியுறுத்திய கருத்து. தவறிய ஒரு வேளைக்கு அடுத்த வேளையில் பட்டினி கிடந்து ஈடுகட்டாமல், திட்டமிட்ட உணவுக்கு அப்படியே திரும்புவதே சரியான மருந்து.

மூன்றாவது வழி மற்ற இரண்டையும்விட மெதுவானது, ஆனால் நிலையானது: உணவு செய்துவந்த பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு ஏற்பாட்டைத் தேடுவது. களைப்புக்கு உண்டவருக்கு உறக்கம் தேவை. தனிமைக்கு உண்டவருக்குத் துணை தேவை. சினத்தை விழுங்க உண்டவர் அதைச் சொல்லப் பழக வேண்டும். ஓய்வெடுக்க வேறு சாக்கு இல்லாததால் உண்டவர், சாக்கின்றி ஓய்வெடுக்கலாம் என்பதை ஏற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நடைப்பயிற்சி என்ற ஒரே மாற்றைச் சொல்வது பயன் தருவதில்லை. பணிகள் வேறுவேறு என்பதால் மாற்றுகளும் வேறுவேறாகவே இருக்க முடியும். அதோடு, உணவின் இன்பத்தை முற்றிலும் துறக்கச் சொல்வதும் தேவையற்றது. சிறிய அளவை, நல்ல சுவையோடு, கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, உடனிருப்போரோடு மெல்ல உண்பவர்களுக்கு அந்தச் சிறிய அளவே இன்பம் தரத் தொடங்குகிறது.

குடும்பத்தின் பங்கும் குறைவானதன்று. உணவைக் காவல் காப்பதும், தட்டை எட்டிப் பார்த்துக் கணக்குக் கேட்பதும் ஒளிந்து உண்ணும் பழக்கத்தையே வளர்க்கும். வற்புறுத்தாமல் பரிமாறுவதும், மீந்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதும், உணவைச் சுற்றி மட்டும் அமைந்த சந்திப்புகளை வேறு வகையில் அமைத்துக்கொள்வதும் உண்மையான உதவிகள். உறவுகளும் அறுவையால் அசைகின்றன என்பதை மறக்கலாகாது. சுவீடன் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அறுவைக்குப் பின் தனித்திருந்தவர்கள் துணை தேடிக்கொள்வதும், இணைந்திருந்தவர்கள் பிரிவதும் ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகம் என்று கண்டது. உடன் உண்பதே நெருக்கமாக இருந்த உறவில் ஒருவர் மட்டும் மாறும்போது, மற்றவருக்கும் ஓர் இழப்பு நேர்கிறது. அதையும் வாய்விட்டுப் பேச இடம் வேண்டும்.

துணை தேவைப்படும் காலம்

இன்றைய நடைமுறையில் உளவியல் மதிப்பீடு பெரும்பாலும் அறுவைக்கு முன் ஒருமுறை, அறுவைக்குத் தகுதியுண்டா என்று பார்ப்பதற்காக நடக்கிறது. தேர்வுபோல் அமைந்த அந்தச் சந்திப்பில் நோயாளி தம் சிக்கல்களை மறைக்கவே முனைவார். சொன்னாலும், உணவு இன்னும் கையில் இருக்கும் அந்த நேரத்தில் அதை இழப்பது எப்படியிருக்கும் என்று அவரால் அறிய முடியாது. பசி அடங்கியிருக்கும் முதல் ஆண்டோ, புதிய பழக்கங்களைக் குறைந்த எதிர்ப்போடு வேரூன்றச் செய்ய உடல் தரும் வாய்ப்புக் காலம். எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதால் அப்போது உளவியல் உதவியை எவரும் நாடுவதில்லை. பசியும் நாட்டமும் திரும்பும் இரண்டாம் ஆண்டில் உதவி உண்மையாகத் தேவைப்படுகிறது. ஆனால் அப்போதுதான், கூடிய எடைக்காகக் கடிந்துகொள்ளப்படுவோம் என்ற வெட்கத்தால் பலர் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர்.

எனவே இச்சிகிச்சையின் நாட்காட்டி திருத்தப்பட வேண்டியது. அறுவைக்கு முந்தைய சந்திப்பு, தகுதி பார்ப்பதைக் கடந்து, வரப்போகும் துயரைப் பெயரிட்டு அறிமுகப்படுத்துவதாக இருக்க வேண்டும். முதல் ஆண்டில் உணவியலாளரோடு உளவியலாளரும் உடனிருக்க வேண்டும். பதினெட்டாம் மாதம் தொடங்கி, எடை கூடினாலும் குறைந்தாலும், அழைப்பு மருத்துவமனையிலிருந்தே செல்ல வேண்டும். அங்கே எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன், இப்போது எப்படி உண்கிறீர்கள், உண்ணாத நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்ற இரு கேள்விகள் கேட்கப்படுமானால், வெட்கத்தால் வராமல் நின்றுவிடுபவர்களில் சிலரேனும் அடுத்த முறையும் வருவார்கள்.